உறுப்பு நாடுகளுக்கு மட்டும்

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு ஒரு சாவு வீட்டுப் பந்தி வரிசையில் கிடைத்தது. எனக்கு முன்னால் தட்டோடு நின்ற பெரியவர் மொலெஃபி, இரும்புச் சட்டியிலிருந்து அள்ளிப் போடுகிறவனிடம் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். "சோளத்தையே போடுறியே, கறி என்ன உன் மாமியார் வீட்டுக்குப் போகுதா?" கறி விழுந்தது. திரும்பி என்னைப் பார்த்தார்.

"வாத்தியாரே, நாடுன்னா யாரு?"

இந்தியாவிலிருந்து வந்து இந்த லெட்லபெங் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இருபது வருஷத்துக்கு மேலாகக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். கணக்கைத் தவிர எதைக் கேட்டாலும் எனக்கு எரிச்சல் வரும். "ஏன் ர்ரா?" என்றேன். (போட்ஸ்வானாவில் ஆணை ர்ரா என்போம், பெண்ணை ம்மா என்போம். இரண்டாவதைத் தமிழில் சொல்ல வேண்டிய வேலை இல்லை, அந்த மட்டுக்கும் நிம்மதி.)

"என் தங்கச்சி மக ஆபீசுல ஒரு சேதி இருக்கு. அதை நாட்டுக்கு மட்டும்தான் சொல்லுவாங்களாம். நான் நாடு இல்லையாம். பொறந்ததுலேர்ந்து இந்த மண்ணுலதான் கிடக்கேன். நான் இல்லாம வேற எவன் நாடு?"

பேசாமல் சோற்றை வாங்கிக்கொண்டு நகர்ந்திருக்க வேண்டும். 'இதில் ஒரு கதை இருக்கிறது' என்று புத்தி சொன்னது. அந்தப் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். இந்தக் கதைக்கு ஒரே ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டும். அது என் கதாநாயகிக்குத் தெரியும். என்னிடம் சொல்ல மாட்டேன் என்கிறாள். எழுதுகிறவனிடமே!

2

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

"பூமிக்கடியில் எந்த நாடு அணுகுண்டை வெடித்தாலும் அதன் அதிர்வானது" — பாடப்புத்தகம். என் மாணவர்களே தூங்கிவிடுவார்கள்.

"வியன்னா நகரில் அன்று பனி பெய்துகொண்டிருந்த" — நான் வியன்னாவைப் பார்த்ததே இல்லை. அங்கே பனி பெய்தால் எனக்கென்ன, பெய்யாவிட்டால் எனக்கென்ன.

"பொனொலோ அன்று கால்சட்டை போட்டுக்கொண்டு வந்தது தப்பு." — இது தேவலாம். ஆனால் இதை இப்போது சொன்னால் உங்களுக்கு ஒன்றும் புரியாது. அதனால் மனமில்லாமல் பாடப்புத்தகத்துக்கே திரும்புகிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எந்த நாடும் திருட்டுத்தனமாக அணுகுண்டு வெடித்துப் பார்க்கக் கூடாது என்று ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். போட்டவர்களுக்கு ஒருவர்மேல் ஒருவருக்கு நம்பிக்கை இல்லை. ஆகவே உலகம் முழுக்கத் தரைக்குள் காது புதைத்து வைத்தார்கள். எங்கள் குன்றடியிலும் ஒரு காது உண்டு. அது கேட்பதெல்லாம் வியன்னாவுக்குப் போகும். அங்கிருந்து உறுப்பு நாடுகள் அத்தனைக்கும் போகும், எங்கள் நாட்டுக்கும் திரும்பி வரும். வீட்டுப் பாலைப் பக்கத்து ஊருக்கு ஊற்றிவிட்டு அங்கிருந்து தயிர் வாங்கிச் சாப்பிடுகிற கதைதான். ஒவ்வொரு நாடும் சில பேரைப் பெயர் சொல்லி நியமிக்கும். அவர்கள் மட்டும் திறந்து பார்க்கலாம், வெளியே சொல்லக் கூடாது என்று கையெழுத்து. எங்கள் நாட்டின் சார்பில் அப்படிக் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருத்தி பொனொலோ. மொலெஃபியின் தங்கை மகள். என்னிடம் படித்தவள்தான். பரீட்சையில் பக்கத்துப் பெண்ணுக்குக்கூட விடைத்தாளைக் காட்டாத ஜாதி.

3

நான் சொன்ன பந்திக்குச் சில மாதம் முன்னால், ஒரு சனிக்கிழமை, ஊர்த் தலைவரின், அதாவது கோசியின், அக்காவை அடக்கம் செய்தோம். இங்கே யார் எந்தக் கிழமை செத்தாலும் அடக்கம் சனிக்கிழமைதான், விடிந்தும் விடியாததுமாய். அதனால் ஊரை ஒட்டிய கல்குவாரியில் சனிக்கிழமை காலையில் வெடி வைக்க மாட்டார்கள். இதற்கு எழுத்தில் சட்டம் கிடையாது. எழுதாததால்தான் யாரும் மீறியதில்லை என்பது என் கட்சி.

பெட்டி பாதிக் குழிக்குள் இறங்கியிருந்தது. ஆண்கள் மண்வெட்டியோடு நின்றோம். பாதிரியார் குழி விளிம்பில் நின்று வாயைத் திறந்தார். தரைக்கடியில் 'டொம்' என்று ஒன்று. குழியின் ஓரம் சரிந்தது. அதோடு பாதிரியாரும் சரிந்து பெட்டிமேல் குப்புற விழுந்தார். அழுவதா சிரிப்பதா என்று ஊருக்கே தெரியவில்லை. கோசிக்கு மட்டும் தெரிந்தது.

"எவன்டா வெடிச்சான்?"

அன்று காலை குவாரியில் இருந்தது ஒரே ஆள். வெடி வைக்க உரிமம் உள்ளவன், மருந்துக் கிடங்குச் சாவி வைத்திருந்தவன், காவல் முறைக்காக அடக்கத்துக்கு வராமல் போனவன். மொலெஃபியின் மகன் கபோ.

"நான் வெடிக்கல. நிலம் ஆடுச்சு. என் டீயும்தான் கொட்டுச்சு" என்றான்.

குவாரிக்காரர்கள் 'நாங்கள் உத்தரவு கொடுக்கவில்லை' என்று கையைக் கழுவிவிட்டு அவனை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். குற்றம் உறுதியானால் உரிமம் போகும். அது போக, கோட்லாவில், அதாவது ஊர்ச்சபையில், நாற்பது வயதுக்குள்ளான ஆண் என்றால் பிரம்படியும் உண்டு. கபோவுக்கு முப்பதுதான்.

[கிடங்கு இருப்பைச் சரிபார்த்தால் போதாதா என்று கேட்கும் வாசகருக்கு: பார்த்தார்கள். இருப்பு பல மாதமாகவே எதற்கும் பொருந்தாமல் இருந்தது. உடைந்த பாறையைப் பார்த்தால் தெரியாதா என்பவருக்கு: குவாரியில் உடைந்த கல்லுக்கா பஞ்சம்? வேறு நில அதிர்வுக் கருவி கிடையாதா என்பவருக்கு: பக்கத்து ஊரில் ஒன்று உண்டு. அதன் சூரியத் தகட்டை யாரோ கழற்றிக்கொண்டுபோய் மாட்டுப் பட்டியில் விளக்குப் போட்டிருந்தார்கள். திருப்தியா?]

4

கபோ நல்ல பையன். அவன் ஒருக்காலும் —

அழித்துவிட்டேன். எனக்கெப்படித் தெரியும்? கோசி வீட்டு மனை தரவில்லை என்று ஒரு வருஷமாய்க் கறுவிக்கொண்டிருந்தவன் அவன்.

கபோ ஒரு முரடன். வஞ்சம் வைத்து —

இதுவும் இல்லை. கோசியின் அக்கா அவனைத் தூக்கி வளர்த்தவர். கிழவி செத்த அன்று குவாரியிலிருந்து நடந்தே வந்து வாசலில் நின்று அழுதான். நான் பார்த்தேன்.

அவனும் பொனொலோவும் மாமன் மகன், அத்தை மகள். இந்த ஊரிலும் அந்த முறைக்குக் கேலி பேச உரிமை உண்டு, கட்டிக்கொள்ளவும் உரிமை உண்டு. தமிழருக்கு இதை விளக்கினால் உதைப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் போன் போட்டானாம்.

"அத்தை மவளே, உங்க மிஷின் என்ன சொல்லுது?"

"இன்னும் பாக்கல. பாத்தாலும் உன்கிட்ட சொல்ல முடியாது."

"நான் என்ன அணுகுண்டா வெச்சேன்?"

"அதையும் சொல்ல முடியாது."

"அடிப்பாவி! அணுகுண்டு இல்லன்னாச்சும் ஊருல சொல்லு. பாதி மானமாச்சும் மிஞ்சும்."

சிரித்தார்களாம் இரண்டு பேரும். அதுதான் கடைசிச் சிரிப்பு.

5

திங்கட்கிழமை காலை அவள் கணினியைத் திறந்து சனிக்கிழமைப் பதிவை எடுத்தாள். பார்த்தாள். மூடினாள்.

இங்கேதான் நான் நிற்கிறேன். மூன்றாம் மனிதனாக அவள் தலைக்குள் உட்கார்ந்து எழுதுவது என்று முடிவு செய்து, அவள் காலையில் தின்ற எண்ணெய்ப் பணியாரம் முதல் கூட்டம் பிதுங்கிய சிற்றுந்தில் மிதிபட்ட கால் வரை எல்லாம் கேட்டு வாங்கிவிட்டேன். இந்த ஓர் அறைக்கு மட்டும் பூட்டு. வெடி என்றால் கோடு ஒரு மாதிரி இருக்குமாம், நிலநடுக்கம் என்றால் வேறு மாதிரி இருக்குமாம். பழகிய கண்ணுக்குப் பார்த்ததும் தெரியுமாம். எந்த மாதிரி இருந்தது என்று மட்டும் கேட்கக் கூடாதாம்.

பதிவை ஊரில் காட்டலாமா என்று கேட்டு அவள் வியன்னாவுக்கு எழுதினாள். மறுநாளே மரியாதையாகப் பதில் வந்தது: உங்கள் மண்ணில் பதிவானது உங்கள் நாட்டுக்கும் சொந்தம், யாருக்குக் காட்டலாம் என்பதை உங்கள் நாடே தீர்மானிக்கலாம். துள்ளிக்கொண்டு அமைச்சகத்துக்கு ஓடினாள். அங்கே பிட்ஸோ என்று ஓர் அதிகாரி. கெட்டவர் இல்லை, அதுதான் தொந்தரவே.

"நாடு தீர்மானிக்கலாம்னு போட்டிருக்காங்க ர்ரா."

"ரொம்ப சரி ம்மா. ஆனா நாடுன்னு போட்டிருக்காங்க. அமைச்சகம்னு போடலையே?"

"இது நாடு இல்லாம வேற என்ன ர்ரா?"

"நாங்க நாட்டுல ஒரு பிரிவு. நாடு தீர்மானிக்கணும்னா குழு வேணும். குழு இல்ல. குழு அமைக்கலாம்னு மேல ஒரு குறிப்பு வெச்சா..."

"என் மாமன் மகனை அடுத்த வாரம் கோட்லாவுல நிறுத்துறாங்க."

"ஐயோ பாவம். முன்னாடி யாராச்சும் இப்படிக் கேட்டிருந்தா அதையே பாத்து செஞ்சிருக்கலாம். யாருமே கேக்கல பாருங்க."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி 'நான் பூசாரியே இல்லை' என்கிறார்! அன்றைய தேதியில் நார்வேயில் ஒருத்தர், பிரேசிலில் ஒருத்தி, இன்னும் பெயர் தெரியாத நூற்றெண்பது நாட்டுக்காரர்கள், ஆசைப்பட்டால் லெட்லபெங்கின் அந்த 'டொம்'மைக் காப்பி குடித்துக்கொண்டே எடுத்துப் பார்க்கலாம். குழி ஓரத்தில் நின்ற மொலெஃபி பார்க்கக் கூடாது.

6

சரி, அந்தக் கால்சட்டை.

கோட்லா கூடிய அன்றும் அவள் காலையில் பிட்ஸோ முன்னால்தான் உட்கார்ந்திருந்தாள். அங்கிருந்து நேரே வண்டி பிடித்து வந்ததால் அலுவலக உடுப்பு. பெண்கள் கால்சட்டையோடு கோட்லாவுக்குள் கால் வைக்கக் கூடாது. வாசலில் இருந்த ஒரு பெண் தன் தோள் போர்வையை எடுத்து அவள் இடுப்பில் சுற்றிவிட்டாள். "மூடிக்கோ முதல்ல. படிச்சவளுக்கு இதுகூடத் தெரியலையே."

ஆண்கள் அவரவர் வீட்டு நாற்காலியோடு வந்து அரைவட்டமாக உட்கார்ந்திருந்தோம். முன் வரிசையில் மொலெஃபி. நடுவில் கபோ. பாதிரியார் சுளுக்கிய கையோடு சாட்சி சொன்னார். குவாரி ஆள் வந்து ஒன்றும் தெரியாது என்றான். கபோ, "நிலம்தான் ஆடுச்சு" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அப்போது மொலெஃபி எழுந்தார்.

"கோசி, என் தங்கச்சி மக வந்திருக்கா. இந்தப் பூமி இருமினாலும் தும்மினாலும் அவ பொட்டியில பதிவாகும். அவ சொல்லட்டும்."

"சொல்லும்மா" என்றார் கோசி.

பொனொலோ எழுந்தாள். "எனக்குத் தெரியும், கோசி. ஆனா சொல்ல எனக்கு அனுமதி இல்ல."

[தெரியாது என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். நானாக இருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பேன். நீங்களும்தான்.]

பிடித்துக்கொண்டார்கள்.

"அனுமதியா? கோட்லாவுல பேச அனுமதியா?"

"தப்பாப் பேசுறவனுக்கும் இங்க பேச உரிமை உண்டுன்னு பழமொழியே இருக்கும்மா!"

"பேசாம இருக்க உரிமை உண்டுன்னு எங்க பழமொழி இல்லையே!" இது மொலெஃபி. குரல் உடைந்துவிட்டது.

"அவனுக்குச் சாதகமா இருந்தா சொல்லியிருக்க மாட்டாளா? அவன்தான்யா வெடிச்சான்!"

"இல்ல, ஊருல தெரிஞ்சா வேலை போயிடும்னு ரத்தத்தை வித்துட்டா!"

கவனியுங்கள், அந்த ஒரு பேச்சுக்கு மேல் அவள் வாயே திறக்கவில்லை. ஆனாலும் அவள் மௌனத்தை ஆளாளுக்குப் பங்கு போட்டுக்கொண்டார்கள். சொன்னாலும் குற்றம், சொல்லாவிட்டாலும் சொன்னதாகக் குற்றம். அப்போது, போர்வை கொடுத்தாளே அந்தப் பெண், எழுந்து முன்னால் வந்தாள். "என் துணியைக் குடு" என்றாள். "நாட்டுக்காரிக்கு எதுக்கு ஊர்க்காரி துணி?"

பொனொலோவின் கை இடுப்பு முடிச்சுக்குப் போனது. அத்தனை ஆண்களுக்கு நடுவில், கோசி முன்னால், அவள் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். முடிச்சு இறுகிப்போய் அவிழவில்லை. எழுந்து தடுத்தேனா என்றால், இல்லை.

"நிறுத்துங்க!" கபோ. "நான்தான் வெடிச்சேன். அவளை விடுங்க."

கோசி இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் அதையே சொன்னான். நான்கு அடி. அங்கேயே, அப்போதே. அவன் கத்தவில்லை. அடித்த காவல்காரனுக்குத்தான் மூச்சு வாங்கியது. மொலெஃபி தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பொனொலோ நின்றபடி நின்றாள், ஒரு வார்த்தை பேசவில்லை.

7

இப்போது உங்கள் முன்னால் இரண்டு கதைகள்.

ஒன்று: கபோ வெடித்தான். பொனொலோவுக்கு அது தெரியும். சட்டத்தைச் சாக்காக வைத்து அவனைக் காப்பாற்றத்தான் வாயை மூடிக்கொண்டாள். தனக்காக அவள் கிழிபடுவதைப் பார்க்கப் பொறுக்காமல் உண்மையைச் சொன்னான்.

இரண்டு: கபோ வெடிக்கவில்லை. நிலம்தான் ஆடியது. அவளைக் காப்பாற்ற அவன் பொய் சொன்னான். அந்த நாலு அடியையும் ஒரே வார்த்தையில் நிறுத்தியிருக்கக் கூடியவள் கையெழுத்துக்காகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

முதலாவது எழுத எளிது. கண்ணீர், காதல், கைதட்டல். இரண்டாவதை எழுத உட்கார்ந்தால் பேனாவை வீசத் தோன்றுகிறது. பள்ளியில் எவனோ செய்த குறும்புக்கு 'நான்தான் சார்' என்று எழுந்து நிற்கிற வழக்கம் கபோவுக்கு உண்டு. தான் செய்த குறும்புக்கும் அப்படித்தான் நிற்பான். என்னிடம் ஐந்து வருஷம் படித்தும் எனக்கு வித்தியாசம் தெரிந்ததில்லை.

பொனொலோ வீட்டுக்கே போய்விட்டேன். இஞ்சித் தண்ணீர் கொடுத்தாள்.

"எனக்கு மட்டும் சொல்லு. நான் தமிழ்லதான் எழுதப்போறேன். இங்க ஒருத்தருக்கும் படிக்கத் தெரியாது."

"உங்க இந்தியா அந்த ஒப்பந்தத்துல கையெழுத்தே போடலையே சார். என் மாமனுக்கே சொல்லாதவ உங்களுக்கா சொல்லுவேன்?"*

(* இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் வாசகர்கள் கெக்கலி கொட்ட வேண்டாம். உங்கள் நாடுகள் உறுப்பு நாடுகள்தாம். ஆனால் நீங்கள் நாடு இல்லை. பிட்ஸோவைக் கேளுங்கள்.)

"சரி, அவன் எழுந்து சொன்னப்பவாச்சும் நீ ஏதாவது —"

"என்ன சொல்றது சார்? 'அவன் பொய் சொல்றான்'னா ஒண்ணைச் சொன்னதாகுது. 'பாவம், உண்மையை ஒத்துக்கிட்டான்'னாலும் ஒண்ணைச் சொன்னதாகுது. அழுதாலும் ஆகுது. எந்த வாக்கியத்தை ஆரம்பிச்சாலும் அது எதையோ சொல்லித் தொலைக்குது." இஞ்சித் தண்ணீரைக் கீழே வைத்தாள். "நான் வீட்டுக்குள்ளகூட இப்ப அதிகமாப் பேசுறதில்ல சார்."

கபோவின் உரிமம் போனது. எல்லை தாண்டி ஏதோ சுரங்கத்தில் மண் அள்ளப் போய்விட்டான். அப்பா போனில் கேட்டால், "நான்தான்னு சொன்னேன்ல, விடுங்கப்பா" என்று வைத்துவிடுகிறான். பந்தி வரிசையில் மொலெஃபி என்னிடம் கேட்டது கடைசியில் இதைத்தான்: "என் மகன் அன்னைக்கு வீட்டுல என்கிட்ட பொய் சொன்னானா, இல்ல ஊர் முன்னாடி பொய் சொன்னானா? இது ஒண்ணுதான் எனக்குத் தெரியணும். அப்பன் கேக்கக் கூடாத கேள்வியா இது?"

8

இதோடு முடித்துவிடலாம் என்றிருந்தேன். விடவில்லை. மொலெஃபி அமைச்சகத்துக்குப் போட்ட மனுவால் குழு அமைந்துவிட்டது!

கூடி, ஒத்திவைத்து, மறுபடி கூடி, ஒரு கடிதம் கொடுத்தார்கள். மனுதாரர் மொலெஃபிக்கு அந்தப் பதிவின் நகலைக் கொடுக்கலாம். விளக்கம் எதுவும் சேர்க்கக் கூடாது. அது என்ன என்று முடிவு செய்வது பெறுகிறவரின் பொறுப்பு.

'இது என்ன அநியாயம்' என்று நான் குதித்தேன். பொனொலோ அமைதியாகச் சொன்னாள்: "வியன்னாவும் இப்படித்தான் சார். இது குண்டு, இது குண்டு இல்லன்னு அவங்க தீர்ப்புச் சொல்லவே மாட்டாங்க. பதிவைக் குடுப்பாங்க. தீர்ப்பு அந்தந்த நாட்டோடது."

உறையை எடுத்துக்கொண்டு மாமன் வீட்டுக்குப் போனாள். எண் தெரிந்தவன் என்று என்னையும் மொலெஃபி கூப்பிட்டு வைத்திருந்தார். உறையை இரண்டு கையாலும் வாங்கினார், இங்கே எதையும் அப்படித்தான் வாங்குவோம். பிரிக்கவில்லை.

"இதைப் படிச்சு யாரு சொல்லுவா?"

"பல்கலைக்கழகத்துல காட்டுனா ரெண்டு நிமிஷத்துல சொல்லிடுவாங்க, மாமா."

"ரெண்டு நிமிஷமா?"

உட்கார்ந்தார். வெளியே யாரோ ஆட்டை விரட்டிக்கொண்டு போனார்கள்.

"வெடின்னு வந்தா என் மகன் பொய்யன். போகட்டும், ஊருல பொய்யனைப் பெத்தவன் நான் ஒருத்தனா?" உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நிலம்னு வந்தா?"

உறையை முழங்கால்மேல் வைத்துக்கொண்டார்.

"நான் முன் வரிசையில உக்காந்திருந்தேன், வாத்தியாரே. என் நாற்காலிதான். நாலு அடிக்கும் எந்திரிக்கல. கோசி முன்னாடி அப்பன் எந்திரிச்சா மரியாதை இல்லன்னு உக்காந்திருந்தேன்."

பொனொலோ அப்போதுதான் அழுதாள். மாமன் காலடியில் தரையில் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி அழுதாள். அவர் அவள் தலையில் கை வைத்தார். "அழாத தாயி. அழுகையில ஏதாச்சும் தெரிஞ்சிடப் போகுது" என்றார். அவர் கேலியாகச் சொல்லவில்லை, நிஜமாகவே பயந்து முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

பிறகு உறையை என் மடியில் போட்டார். "நீ வெச்சுக்கோ. நான் வந்து கேட்டாலும் குடுக்காத."

9

முடிவு என்னிடம் இருக்கிறது, ஒட்டிய உறைக்குள். பல்கலைக்கழகத்துக்குப் போக ஒரு வண்டி போதும். நான் போகவில்லை. கோழை என்றாலும் சரி, சோம்பேறி என்றாலும் சரி, இந்தக் கதை எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

மொலெஃபி இதுவரை மூன்று தடவை வந்துவிட்டார். உறையைப் பற்றி வாயைத் திறப்பதில்லை. பள்ளிக்கூடம் எப்படி இருக்கிறது, மழை வருமா என்று கேட்டுவிட்டு, என் மேசையை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்.

உங்களுக்குத் தெரிந்தே ஆக வேண்டுமென்றால் வாருங்கள், தருகிறேன். கொண்டுபோய்க் காட்டிக் கேளுங்கள். முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், இங்கேயே இடம் விட்டிருக்கிறேன்:

[                                        ]

ஒன்று மட்டும். திரும்பிப் போகையில் என் வாசலுக்கு எதிரே, வேலிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு பெரியவர் நிற்பார். உங்களை நிறுத்துவார். சாப்பிட்டீங்களா என்பார், மழை வருமா என்பார். உங்கள் முகத்தையே பார்ப்பார். எது வந்திருந்தாலும் அவரிடம் மட்டும் சொல்லாதீர்கள்.